கடவுச்சொல் கையில் இருக்கிறது, கோப்பு திறக்க மறுக்கிறது: 2002ஆம் ஆண்டு நாட்குறிப்பு

#1 வடலி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 79 வயது. யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2002இல், போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்த பிறகு, மாமா கொழும்பிலிருந்து ஒரு பழைய கணினியை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு வந்த குறுந்தட்டில் நாட்குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்று இருந்தது. அப்பா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 2007 வரை, மின்சாரம் இல்லாத நாட்களைத் தவிர, தினமும் தமிழில் எழுதினார். பிறகு கணினி செத்துவிட்டது. போன வருடம் ஒரு கடையில் கொடுத்து, அந்த வன்தட்டில் இருந்தவற்றைப் பென்டிரைவில் ஏற்றி வாங்கினோம்.

மென்பொருளின் முழு ஃபோல்டரும் இருக்கிறது. நாட்குறிப்புக் கோப்பும் இருக்கிறது, ஒரே கோப்பு. என் விண்டோஸ் 11 கணினியில் நிறுவியைச் சொடுக்கினால் ‘இந்தச் செயலி இங்கே இயங்காது’ என்று வருகிறது. உருவாக்கிய நிறுவனத்தின் இணைய முகவரி இப்போது விற்பனைக்கு இருக்கிறது. கேட்பதற்கு ஆளில்லை.

கடவுச்சொல் அப்பாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தமிழ்ச் சொல். “ஓர் எழுத்துக்கூடப் பிசகாது” என்கிறார். கடவுச்சொல் தெரிந்திருந்தும் அந்த மென்பொருள் இல்லாமல் கோப்பைத் திறக்க வழி உண்டா? ‘எந்தக் கோப்பையும் திறந்து தருகிறோம்’ என்று ஒரு தளம் கோப்பையும் கடவுச்சொல்லையும் சேர்த்தே கேட்டது. பயந்து மூடிவிட்டேன்.

#2 இரும்புக்கடை

மூடியது நல்ல காரியம். வீட்டுப் பத்திரத்தையும் கையெழுத்தையும் ஒன்றாக வழிப்போக்கனிடம் கொடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்தப் பென்டிரைவில் உள்ளதை இரண்டு இடங்களில் நகலெடுங்கள். நகல்களின் ஹாஷ் எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) எடுத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பென்டிரைவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பழைய மென்பொருள்கள் கோப்பைத் திறந்தவுடனே அதில் எதையாவது எழுதும் பழக்கம் உள்ளவை. மூலத்தில் சோதனை வேண்டாம்.

அடுத்து, கோப்பின் அளவு சரியாக எத்தனை பைட் என்று சொல்லுங்கள். ‘சுமார் 1.8 எம்பி’ என்று சொன்னால் பயனில்லை, கடைசி இலக்கம் வரை வேண்டும். ஹெக்ஸ் எடிட்டர் (கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) ஏதாவது ஒன்றில் திறந்து முதல் 24 பைட்டுகளில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

கடவுச்சொல்லை இங்கே எழுத வேண்டாம். பேச வசதியாக ‘அம்மா’ என்று வைத்துக்கொள்வோம்.

#3 மின்னல்வேகம்

இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நல்ல கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று இருந்தால் கடவுச்சொல் உடைக்கும் மென்பொருளை ஓடவிட்டால் போதும். என்னிடம் இருக்கிறது, இரவோடு இரவாக முடித்துத் தருகிறேன்.

#4 பழுப்பேடு

தம்பி, கடவுச்சொல் தெரியாதவர்கள்தான் அதை உடைக்க வேண்டும். இவரிடம் கடவுச்சொல் இருக்கிறது. இல்லாதது பக்குவம்.

மளிகைப் பட்டியலை வைத்துக்கொண்டு குழம்பு வைத்துவிட முடியாது அல்லவா, அப்படித்தான் இதுவும். ‘அம்மா’ என்ற சொல் நேராகச் சென்று பூட்டைத் திறப்பதில்லை. முதலில் அது பைட்டுகளாக மாற வேண்டும். அந்தப் பைட்டுகளை ஏதோ ஒரு விதத்தில் கடைந்து சாவியைத் திரட்ட வேண்டும். அந்தச் சாவியை ஏதோ ஒரு குறியாக்க முறையில் போட வேண்டும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு கைப்பக்குவம். கோப்புகளைச் சுருக்கும் செவன்ஜிப் கடவுச்சொல்லை ஒருங்குறியில் (யூனிகோட்) எழுத்துக்கு இரண்டு பைட்டாக எடுத்து 5,24,288 சுற்று கடைகிறது. விண்ஜிப்பின் ஏஇஎஸ் குறியாக்க முறை 1,000 சுற்றோடு நிறுத்திக்கொள்கிறது. ஆபீஸ் 2007 கோப்பு என்றால் 50,000, ஆபீஸ் 2010 என்றால் 1,00,000. எல்லாவற்றுக்கும் ஒரே ‘அம்மா’வைக் கொடுத்தாலும் வெளியே வரும் சாவி ஒவ்வொன்றிலும் வேறு.

ஆபீஸ் கோப்புகளின் பக்குவத்தை மைக்ரோசாஃப்ட் 2008இல் ஆவணமாக வெளியிட்டது. அதனால் அவற்றைத் திறக்க நூறு கருவிகள் இருக்கின்றன. இந்த நாட்குறிப்புக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் ஒன்று, சமையற்காரர் சாகவில்லை. வடலியின் பென்டிரைவில் தூங்கிக்கொண்டிருக்கிறார். அவரை எழுப்பினால் போதும்.

#5 குறுக்குச்சந்து

ஒரு கேள்வி, கோபிக்க வேண்டாம். இது உங்கள் அப்பாவின் நாட்குறிப்புதான் என்று நாங்கள் எப்படி நம்புவது? நாட்குறிப்பு என்பது ஒருவருடைய அந்தரங்கம். நாளைக்கு யாராவது மனைவியின் கோப்பைக் கொண்டுவந்து இதே கதையைச் சொன்னால்?

#6 நெறியாளர்

நியாயமான கேள்விதான். இங்கே யாரும் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லவில்லை. கடவுச்சொல் தெரிந்த உரிமையாளர் உயிரோடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த எல்லைக்குள் இழை தொடரலாம். கடவுச்சொல் தெரியாத கோப்புகளைப் பற்றிக் கேட்பவர்கள் இங்கே கேட்க வேண்டாம்.

மென்பொருளைப் பிரித்துப் பார்ப்பது பற்றியும் இருவர் தனிமடலில் கேட்டிருந்தார்கள். முறையாக வைத்திருக்கும் மென்பொருளோடு தன் சொந்த நிரல் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டு ஆணையும் நிபந்தனைகளோடு அதையே சொல்கிறது.

#7 வடலி

நன்றி. அப்பாவிடம் #5ஐ வாசித்துக் காட்டினேன். “சரியாகத்தான் கேட்கிறான் பிள்ளை” என்றார்.

அளவு 18,43,216 பைட். முதல் நான்கு பைட்டுகள் ஆங்கில எழுத்துகள், மென்பொருளின் பெயர்ச் சுருக்கம். அடுத்து 3, 0, 0, 0. அடுத்து 143, 120, 143, 0, 0, 0, 0, 0. அதற்குப் பிறகு கோப்பின் கடைசி வரை ஒரே தாறுமாறு.

#8 பழுப்பேடு

அருமை. இந்தச் சில எண்களே நிறையப் பேசுகின்றன.

3 என்பது கோப்பு வடிவத்தின் பதிப்பு எண்ணாக இருக்கும். 143, 120, 143 என்பதைச் சிறிய பைட் (எண்ணின் கடைசி இடத்துக்குரியது) முதலில் வரும் முறையில் படித்தால் 94,02,511. கோப்போ 18 லட்சம் பைட்தான். அப்படியானால் 94 லட்சம் என்பது சுருக்குவதற்கு முந்தைய அளவு. சுருக்கிவிட்டுப் பிறகு பூட்டியிருக்கிறார்கள். எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பூட்டிய பிறகு சுருக்க முயன்றால் ஒன்றும் சுருங்காது.

தலைப்பகுதி 24 பைட் என்று வைத்துக்கொள்கிறேன். கடைசி எட்டு பைட், குறியாக்கம் தொடங்குவதற்கான தொடக்க எண்ணாக இருக்கலாம். 18,43,216இல் 24ஐக் கழித்தால் 18,43,192. இது எட்டால் மீதியில்லாமல் வகுபடுகிறது, ஈவு 2,30,399. ஆனால் 16ஆல் வகுபடவில்லை. ஏஇஎஸ் 16 பைட் கட்டங்களாக வேலை செய்வது. எட்டு பைட் கட்டம் என்றால் டிஇஎஸ், அல்லது மூன்றடுக்கு டிஇஎஸ், அல்லது ப்ளோஃபிஷ். அந்தக் காலத்துத் தனிநபர் மென்பொருள்களுக்கு ப்ளோஃபிஷ் செல்லப்பிள்ளை. 1993இல் புரூஸ் ஷ்னையர் காப்புரிமை எதுவும் கோராமல் வெளியிட்ட முறை அது. ஏஇஎஸ் தரமாக அறிவிக்கப்பட்டதே 2001 நவம்பரில்தான்.

எல்லாம் ஊகம். பந்தயம் கட்ட மாட்டேன்.

#9 இரும்புக்கடை

பழுப்பேடு ஐயா பேனாவும் காகிதமுமாக உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். முதலில் ஓட வைத்துப் பார்ப்போம்.

64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை அறவே ஓட்டாது. அந்தக் காலத்தில் மென்பொருள் 32 பிட்டாக இருந்தாலும் அதன் நிறுவி பல நேரம் 16 பிட்டாகவே இருந்தது. உங்களுக்கு வந்த பிழை அதுவாகத்தான் இருக்கும். நிறுவியை விட்டுவிடுங்கள். மெய்நிகர் கணினி (உங்கள் கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில் விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டைப் போட்டு, அதற்குள் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து நேரடியாக இயக்குங்கள். இணைய இணைப்பு கொடுக்காதீர்கள், எக்ஸ்பி இன்றைய இணையத்தில் அரை நாள் தாங்காது. அந்தக் கணினியின் தேதியை 2003க்கு மாற்றிவிடுங்கள். உரிமக் காலம் பார்க்கும் மென்பொருளாக இருந்தால் அது உதவும்.

#10 வடலி

மூன்று நாள் போராடினேன். மாமாவிடம் பழைய எக்ஸ்பி குறுந்தட்டு இருந்தது. மெய்நிகர் கணினி எழும்பியது, மென்பொருளும் திறந்தது! பச்சை நிறத் தோல் அட்டை போட்ட அதே முகப்பு. அப்பா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடவுச்சொல் கேட்டது. எக்ஸ்பியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்து, அப்பா எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன்.

‘கடவுச்சொல் தவறு.’

ஏழு தடவை. ஏழாவது தடவை என் எழுத்துப்பிழைதான் காரணம் என்று அப்பா முடிவு செய்து, எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். நேற்றிலிருந்து அதிகம் பேசவில்லை.

#11 மின்னல்வேகம்

இப்போதாவது என் கிராஃபிக்ஸ் அட்டையை நினைத்துப் பார்ப்பீர்களா?

#12 அச்சுக்கோர்ப்பு

இந்த இழையைப் படிக்க மட்டும் செய்துகொண்டிருந்தேன். இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. 1998 முதல் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவன் நான்.

வடலி, அந்த நாட்குறிப்பை அப்பா எந்த எழுத்துருவில் எழுதினார்? பாமினிதானே? அப்படியானால் உங்கள் அப்பா சொல்வதும் சரி, மென்பொருள் சொல்வதும் சரி.

பாமினி என்பது தமிழ் வேடம் போட்ட ஆங்கிலம். கணினிக்குள் போவது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது, அவ்வளவே. பாமினியில் ‘அம்மா’ என்று எழுத நாம் தட்டுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ஐந்து விசை, ஐந்து பைட். கடவுச்சொல் பெட்டியில் உடுக்குறிகள் மட்டும் தெரிந்திருக்கும். அப்பா தன் விரல் பழக்கத்தில் தமிழ் என்று நினைத்துத் தட்டியிருப்பார். மென்பொருளுக்குப் போனது எம் கே அரைப்புள்ளி கே எச்.

நீங்கள் இப்போது தட்டியதோ ஒருங்குறித் தமிழ். அந்தக் காலத்து மென்பொருள் எழுத்துக்கு ஒரு பைட் என்ற உலகத்தில் வாழ்வது. தமிழுக்கு அந்த ஒற்றை பைட் உலகில் விண்டோஸ் இடமே ஒதுக்கவில்லை. ஆகவே உள்ளே போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு கேள்விக்குறியாகிவிடும். ‘அம்மா’ போய்ச் சேர்ந்தது ஐந்து கேள்விக்குறிகளாக. ‘அப்பா’ என்று தட்டியிருந்தாலும் அதே ஐந்து கேள்விக்குறிகள்தான்!

(இதில் ஒரு பயங்கரமும் இருக்கிறது. யாராவது எக்ஸ்பி காலத்தில் இப்படி ஒருங்குறியில் கடவுச்சொல் வைத்திருந்தால், அவருடைய கோப்பின் உண்மையான கடவுச்சொல் வெறும் கேள்விக்குறிகள். எண்ணிக்கை சரியாக இருந்தால் எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் அது திறக்கும்.)

ஒரே சொல் எத்தனை வேடம் போடுகிறது பாருங்கள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறிமுறையில் ‘அம்மா’ நான்கு பைட், அதில் ‘ம்’ ஒரே குறி. பாமினியில் ஐந்து. ஒருங்குறியின் இரட்டை பைட் முறையில் பத்து. இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து. ஒருங்குறிக்குள்ளேயே சண்டை உண்டு. ‘கொ’ என்பதை ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தால் ஒன்பது பைட். கொம்பும் காலும் ஒரே குறியாக இருந்தால் ஆறு. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. பூட்டுக்கு அவை வேறு வேறு சொற்கள். ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமும் தட்டுகிறவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நீங்கள் தட்டாதீர்கள். ஆங்கில விசைப்பலகையை வைத்துவிட்டு அப்பாவை உட்கார வையுங்கள். திரையைப் பார்க்க வேண்டாம், அன்றைக்குத் தட்டியது போலவே தட்டட்டும் என்று சொல்லுங்கள். மனம் மறந்தாலும் விரல் மறக்காது.

#13 வடலி

திறந்துவிட்டது!!!

அச்சுக்கோர்ப்பு அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முற்றத்திலிருந்து அப்பாவைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். விசைப்பலகையில் கையை வைத்து ஒரு கணம் சும்மா இருந்தார். பிறகு படபடவென்று தட்டினார். முதல் தடவையிலேயே திறந்தது. திறந்ததும் எல்லாம் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகத் தெரிந்தது, பாமினியை நிறுவியதும் தமிழாயிற்று.

எனக்கு நேற்றுவரை அவர் கடவுச்சொல்லைச் சொன்னார் என்றுதான் நினைப்பு. அவருக்கே அது என்னவென்று தெரியாது, அவர் விரலுக்குத்தான் தெரியும்.

ஆனால் இன்னொரு சிக்கல். ‘ஏற்றுமதி’ பொத்தான் மங்கிக் கிடக்கிறது, ‘முழுப் பதிப்பை வாங்குக’ என்கிறது. விற்பதற்கு ஆளில்லை. நகலெடுத்து ஒட்டவும் விடவில்லை. ஒவ்வொரு நாளாகத் திறந்து பார்க்க மட்டும் முடிகிறது. ஏறக்குறைய 1,900 நாட்கள். அப்பா கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிட்டார். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்.

#14 நாடோடி

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும், என் கதையும் இதேதான். 2010இல் ட்ரூகிரிப்ட் என்ற குறியாக்க மென்பொருளில் பூட்டிய கோப்பு. கடவுச்சொல் தெரியும். அதன் வாரிசான வெராகிரிப்ட்டின் புதிய பதிப்பு அதை ஏற்க மறுக்கிறது.

#15 இரும்புக்கடை

உங்களுடையது சுலபம். ட்ரூகிரிப்ட் 2014 மே மாதம் கடையை மூடியது. வெராகிரிப்ட் அதன் கோப்புகளையும் சில காலம் திறந்துகொண்டிருந்தது, 1.26 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். 1.25.9 பதிப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து எடுத்துத் திறந்து, உள்ளே இருப்பதைப் புதிய பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். இன்றே செய்யுங்கள்.

#16 குறுக்குச்சந்து

நானும் ஒன்று சேர்க்கிறேன், என் வாயை நானே அடைத்துக்கொள்வது போல. கடவுச்சொல் தெரிந்தும் ஏமாந்தவன் நான். எக்ஸ்பியில் ஃபோல்டரை விண்டோஸின் சொந்தக் குறியாக்கத்தில் பூட்டி வைத்திருந்தேன். பிறகு வன்தட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டி, பழையதை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அதே பயனர் பெயர், அதே கடவுச்சொல். ஒரு கோப்பும் திறக்கவில்லை. கடவுச்சொல் திறப்பது பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் சாவிப்பெட்டியை. கோப்பைத் திறப்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சாவி. பெட்டியை நான் என் கையாலேயே அழித்திருந்தேன். வடலியின் கோப்பில் அப்படி எதுவும் இல்லாதது அதிர்ஷ்டம்.

#17 பழுப்பேடு

வடலி, ஐயாவைப் பேனையைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

கடவுச்சொல் எந்த வடிவில் உள்ளே போகிறது என்பது இப்போது உறுதி. இனி பக்குவத்தைப் படிக்கலாம். குறியாக்க முறைகள் ஒவ்வொன்றும் சில நிலையான எண்களைச் சுமந்து திரிகின்றன, மறைக்க முடியாத மச்சம் போல. மென்பொருளின் இயங்கு கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து இந்த வரிசைகளைத் தேடுங்கள். பதின்ம எண்ணில் தருகிறேன்.

99, 124, 119, 123 இருந்தால் ஏஇஎஸ். 136, 106, 63, 36 இருந்தால் ப்ளோஃபிஷ். 120, 164, 106, 215 இருந்தால் எம்டி5, கடவுச்சொல்லைக் கடைந்து 16 பைட்டாகத் திரட்டும் முறை.

ஐயா கணித ஆசிரியர் என்பதால் இதையும் சொல்லுங்கள். ப்ளோஃபிஷின் எண்கள் பை என்ற எண்ணின் தசமப் பகுதியை 16 அடிமானத்தில் எழுதினால் வருபவை. எம்டி5இன் எண்கள் சைன் சார்பிலிருந்து வருபவை. ஒரு ரேடியனின் சைனை 2இன் 32ஆம் அடுக்கால் பெருக்கி முழு எண்ணை எடுத்தால் 361,40,90,360. அதுதான் முதல் எண். ‘என் வசதிக்கு ஏற்ற எண்ணைக் கள்ளத்தனமாக நுழைக்கவில்லை’ என்று காட்டுவதற்காக, எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து எடுப்பது ஒரு மரபு.

#18 வடலி

அப்பா கொப்பியை மூடிவிட்டார். மடக்கை அட்டவணையை எடுத்துக்கொண்டு ஒரு ரேடியனின் சைனைப் பெருக்கிப் பார்த்து, முதல் நான்கு இலக்கம் சரி என்றார். மூன்று நாளாக இல்லாத சிரிப்பு.

தேடியதில் முதல் வரிசை இல்லை. மற்ற இரண்டும் இருக்கின்றன. என் அண்ணாவின் மகன் மொறட்டுவையில் பொறியியல் படிக்கிறான். விடுமுறைக்கு வந்திருக்கிறான், பைத்தான் தெரியும். அவன் பெயரில் இனி அவனே எழுதுவான்.

#19 பேரன்

வணக்கம். பழுப்பேடு ஐயா சொன்னபடி எழுதிப் பார்த்தேன். கடவுச்சொல்லின் பைட்டுகளை எம்டி5க்குக் கொடுத்தேன், வந்த 16 பைட்டைச் சாவியாக ப்ளோஃபிஷுக்குக் கொடுத்தேன், தலைப்பகுதியின் கடைசி எட்டு பைட்டைத் தொடக்க எண்ணாக வைத்தேன். வெளியே வந்தது குப்பை. எதைச் சரியென்று எடுத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

#20 பழுப்பேடு

சரியா என்று பார்க்க 94 லட்சத்தையும் அவிழ்க்க வேண்டாம். முதல் இரண்டு பைட்டைப் பாருங்கள். அந்தக் காலத்தில் சுருக்குவதற்கு ஸீலிப் என்ற நிரல் நூலகத்தைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தினார்கள். இயல்பான அமைப்பில் அதன் வெளியீடு 120, 156 என்று தொடங்கும். அந்த இரண்டு எண் வந்தால் வென்றோம்.

வராவிட்டால் எண்ணிப் பார்த்து ஊகிக்காதீர்கள், சமையற்காரரின் கையைப் பாருங்கள். மெய்நிகர் கணினிக்குள் ஒரு டீபக்கரில் (நிரலை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி) மென்பொருளை ஓட்டி, எம்டி5 பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். கடவுச்சொல் கொடுத்ததும் அங்கே நிற்கும். உள்ளே எந்தப் பைட்டுகள் போகின்றன என்று நினைவகத்தில் அப்படியே தெரியும்.

#21 பேரன்

நின்றது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. கடவுச்சொல்லை எம்டி5க்குக் கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தாக மாற்றிவிடுகிறது மென்பொருள். தாத்தா தட்டியது சிறிய கே, உள்ளே போனது பெரிய கே. பாமினியில் இரண்டும் வேறு தமிழ் எழுத்து என்பதைப் பாவம் அந்த மென்பொருள் அறியாது.

என் நிரலிலும் அப்படியே மாற்றினேன். சாவி இப்போது டீபக்கரில் தெரிவதோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் குப்பைதான் வருகிறது. 120, 156 வரவில்லை.

#22 பழுப்பேடு

பெரிய எழுத்தாக்குவது அந்தக் காலத்து வியாதி. விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்த பழைய லான் மேனேஜர் முறையும் அதைத்தான் செய்தது, போதாததற்குக் கடவுச்சொல்லை ஏழு ஏழு எழுத்தாக வேறு வெட்டியது.

சாவி சரி, தொடக்க எண் சரி, வெளியீடு குப்பை. இதை நான் முன்பு ஒரு முறை பார்த்திருக்கிறேன். ப்ளோஃபிஷ் எட்டு பைட்டை நான்கு நான்காகப் பிரித்து எண்ணாகப் படிக்கும். பெரிய பைட் முதலில் வர வேண்டும் என்பது முறை. சில நூலகங்கள் இன்டெல் கணினியின் வழக்கப்படி சிறிய பைட்டை முதலில் எடுத்துக்கொண்டன. அந்தத் தவறோடு பூட்டிய கோப்புகள் உலகில் நிறைய இருந்ததால், எம்கிரிப்ட் நூலகத்தில் இதற்கென்றே ‘இணக்க ப்ளோஃபிஷ்’ என்று ஒரு தனி வகையே வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு நான்கு பைட்டையும் பின்னிருந்து முன்னாகத் திருப்பிவிட்டு அவிழ்த்துப் பாருங்கள். அவிழ்த்த பிறகு மறுபடியும் திருப்ப வேண்டும். தொடக்க எண்ணுக்கும் அதே சடங்கு.

#23 பேரன்

120, 156.

94,02,511 பைட். தலைப்பகுதியில் இருந்த எண்ணோடு ஒன்றுகூடப் பிசகவில்லை.

தாத்தா “விடை சரி” என்று சொல்லி, காகிதத்தில் சிவப்பு மையால் ஒரு சரிக்குறி போட்டுக் கொடுத்தார்.

#24 மின்னல்வேகம்

ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எம்டி5 ஒரே ஒரு சுற்று, உப்பும் (கடவுச்சொல்லோடு கலக்கும் தற்செயல் எண்) இல்லை, சிறிய எழுத்து பெரிய எழுத்து வேறுபாடும் இல்லை! கடவுச்சொல் தெரியாவிட்டாலும் என் அட்டை இதைச் சுலபமாக உடைத்திருக்கும்.

#25 பழுப்பேடு

கடவுச்சொல் குட்டையாக இருந்தால் உடைத்திருக்கும், உண்மைதான். ஆனால் அதற்கும் முதலில் பக்குவம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய எழுத்தும் திருப்பிப் போட்ட பைட்டும் தெரியாமல் ஓடவிட்டிருந்தால் உன் அட்டை இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும். பூட்டின் அமைப்பு எதிரிக்குத் தெரிந்தாலும் பாதகமிருக்கக் கூடாது என்று குறியாக்க அறிஞர் கெர்க்கோஃப்ஸ் எழுதியது 1883இல். இந்த மென்பொருளை எழுதியவர் அமைப்பை மறைத்து வைத்ததால் எதிரியை ஒன்றும் தடுக்கவில்லை. சொந்த வாடிக்கையாளரைத்தான் இருபது வருடம் வாசலில் நிறுத்தி வைத்தார்.

#26 அச்சுக்கோர்ப்பு

பேரனுக்கு ஓர் எச்சரிக்கை. உள்ளே இருப்பது ஆர்டிஎஃப் வடிவமாக, அதாவது எழுத்துரு, நிறம் போன்ற குறிப்புகளோடு சேர்ந்த எழுத்தாக இருக்கும். அதிலிருந்து அலங்காரங்களை உரித்து வெறும் எழுத்தாக ஆக்கிவிட்டுப் பாமினியை ஒருங்குறிக்கு மாற்றலாம் என்று நினைக்காதீர்கள். ஐயா இடையிடையே ஆங்கிலச் சொல் எழுதியிருப்பார். பைட்டைப் பார்த்தால் அது ஆங்கிலமா பாமினியா என்று தெரியாது, இரண்டும் ஒரே எழுத்துகள். எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்ற குறிப்பு ஆர்டிஎஃப்பில் மட்டும்தான் இருக்கிறது. உரித்துவிட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரைப் பெயரெல்லாம் தமிழ் உளறலாகிவிடும்.

கொம்பையும் கவனியுங்கள். பாமினியில் ‘கொ’ எழுதும்போது கொம்புதான் முதலில் வரும், பிறகு ககரம், பிறகு கால். ஒருங்குறியில் ககரம் முதலில் வர வேண்டும். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றிவிட்டு, பிறகு தனி எழுத்துகளுக்குப் போங்கள். வரிசை மாறினால் கொம்பு பக்கத்து எழுத்தில் போய்த் தொங்கும்.

#27 வடலி

நான்கு நாள் பேரனும் தாத்தாவும் உட்கார்ந்து மாற்றி முடித்தார்கள். 1,874 நாட்கள். எழுத்துக் கோப்பாக ஒரு நகல், அச்சில் எடுத்துக் கட்டிய நகல் ஒன்று. அப்பா அச்சு நகலை வைத்துக்கொண்டு, 2003இல் தான் விட்ட சந்திப்பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டிருக்கிறார்.

முதல் பதிவு நான்கே வரி. கணினி வந்தது, மின்சாரம் மாலை ஆறரைக்கு வந்தது, கிணற்றில் தண்ணீர் பதினொரு முழத்தில் நிற்கிறது, பக்கத்து வீட்டு ஆடு மறுபடியும் பூவரசு வேலியைத் தின்றுவிட்டது. அடுத்த ஐந்து வருடமும் அந்த ஆடு வருகிறது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஃபோல்டரில் இன்னொரு கோப்பும் இருக்கிறது, 2005ஆம் ஆண்டுக்குரியது, சிறியது. பேரனின் நிரலுக்குத் திறக்கவில்லை. கேட்டால் அப்பா, “அது வேறு கடவுச்சொல்” என்கிறார். நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறதாம், சொல்லத்தான் மாட்டாராம்.

#28 குறுக்குச்சந்து

#5ஐ மறுபடியும் ஐயாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

#29 பழுப்பேடு

நிரலை ஐயாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்து முற்றத்துக்குப் போங்கள்.